ஞாயிறும் போயாவும்



கண்டி வாவிக்கரையில் நின்றால் தலதா மாளிகையின் முரசொலி கேட்கும். அதற்கு அருகிலேயே புனித பவுல் தேவாலயம். முன்னது சந்திரனைப் பார்த்து நாள் குறிக்கிறது; பின்னது ஞாயிற்றுக்கிழமையை.

இந்த ஞாயிறு விடுமுறையை எமக்குத் தந்தவர் யார்? ஆங்கிலேயர் என்போம். அவர்கள் கொண்டுவந்தவர்களே. சட்டமாக்கியவர் ரோமப் பேரரசர் கொன்ஸ்தந்தைன், ஆண்டு கி.பி. 321. இயேசு உயிர்த்தெழுந்த நாளென்று கிறிஸ்தவர்கள் அதற்கு முன்பே ஞாயிறன்று கூடிவந்தார்கள். ஆனால் அன்று அது வேலைநாள். பேரரசரின் ஆணையிலும் கிறிஸ்துவின் பெயர் இல்லை. 'சூரியனின் நாள்' என்றே இருக்கிறது. ரோமரின் கிரக வாரமும் கிறிஸ்தவரின் வழிபாடும் ஒன்றாகக் கலந்த இடம் அது. ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று நாம் எண்ணும் வரிசையும் அதே கிரக வரிசைதான்.

1966இல் இலங்கை இந்த ஒழுங்கை மாற்றிப் பார்த்தது. ஞாயிறுக்குப் பதிலாகச் சந்திரனின் நான்கு நிலைகளுக்குரிய போயா தினங்கள் வார விடுமுறையாயின. அப்போது நான் பள்ளி மாணவன். சந்திரனின் சுற்று இருபத்தொன்பதரை நாள். அதை நான்காக வகுத்தால் ஏழு சரியாக வராது. ஆகவே ஒரு வாரம் ஏழு நாள், இன்னொன்று எட்டு நாள்! தேவாலயம் செல்வோர் வேலைக்கு முன்னரோ பின்னரோ போக வேண்டியதாயிற்று. ஆதித் திருச்சபையின் நிலையும் அதுவே அல்லவா? வெளிநாட்டு வர்த்தகத்துக்கும் இடைஞ்சல். 1971இல் ஞாயிறு திரும்பியது. பௌர்ணமிப் போயா விடுமுறையும் நிலைத்தது. இன்று இரண்டும் எமக்கு உண்டு.

ஆனால் அந்த ரோம ஆணையில் ஒரு விலக்கு இருந்தது. நீதிபதிகளும் நகரத்தாரும் கைத்தொழிலாளரும் ஓய்ந்திருக்க வேண்டும். உழவர் மட்டும் வேலை செய்யலாம், பருவம் தவறிவிடக் கூடாது என்பது காரணம். கண்டிக்கு மேலே ஹந்தானை மலைச்சரிவைப் பாருங்கள். கொழுந்து மிகுந்த காலத்தில் ஞாயிறென்றும் பாராமல் பெண்கள் கூடையோடு மலையேறுவதை நான் கண்டிருக்கிறேன். கூடுதல் கூலி உண்டு, ஓய்வு இல்லை.

ஓய்வு நாளைச் சூரியன் குறிப்பதா, சந்திரன் குறிப்பதா என்று நாம் வாதிட்டிருக்கிறோம். அது யாருக்குக் கிட்டவில்லை என்று கேட்பதே, பதினேழு நூற்றாண்டுகளாக நின்றுபோயிருக்கும் கேள்வி.