திறக்கப்படாத கடிதங்கள்: வளர்ந்தோரில் அவதானக் குறைபாடும் அதற்கான சிகிச்சையும்

(சுவிற்சர்லாந்து வாழ் தமிழ்ப் பெற்றோருக்கும் இளையோருக்குமான உரையின் எழுத்து வடிவம்)



சுவிற்சர்லாந்தில் ஒருவரின் பொறுப்புணர்வு பெரும்பாலும் அவரது தபாற்பெட்டியைக் கொண்டே அளக்கப்படுகின்றது. வரிப் படிவம், மருத்துவக் காப்புறுதிக் கட்டணம், வாடகைக் கணக்கு, பாடசாலை அறிவித்தல் ஆகிய அனைத்தும் ஒரு திகதியைச் சுமந்துகொண்டு வீடு தேடி வருகின்றன. கட்டணத் திகதி தவறினால் நினைவூட்டற் கடிதமும் மேலதிகக் கட்டணமும் வரும். அதுவும் கவனிக்கப்படாது போனால் 'பெட்ரைபுங்' எனப்படும் கடன் அறவீட்டு நடவடிக்கை தொடங்கும். அந்நடவடிக்கை முடிவடைந்த பின்னரும் ஐந்து ஆண்டுகளுக்கு அதன் பதிவை, காரணம் காட்டும் மூன்றாம் தரப்பினர் பார்வையிட இயலும். வீடு தேடும்போது உரிமையாளர் முதலில் கேட்பது அப்பதிவேட்டின் பிரதியையே. குடியுரிமை விண்ணப்பத்திலும் அது பார்க்கப்படுகின்றது.

பணம் இல்லாமையால் இந்நிலைக்கு ஆளாவோர் உளர். ஆனால் வங்கியில் பணம் இருந்தும், கட்ட வேண்டும் என்ற எண்ணம் இருந்தும், கடித உறையைத் திறக்க இயலாமலே இந்நிலைக்கு ஆளாகும் வளர்ந்தோரும் உளர். வீட்டார் அவரைச் 'சோம்பேறி' என்கின்றனர். உறவினர் 'பொறுப்பற்றவர்' என்கின்றனர். காலப்போக்கில் அவரும் அதனையே நம்பத் தொடங்குகின்றார். இத்தகையோரில் ஒரு பகுதியினரிடம் காணப்படுவது, ஜேர்மன் மொழியில் 'ஆ.டே.ஹா.எஸ்.' என்று சுருக்கமாக அழைக்கப்படும் அவதானக் குறைபாடு மிகையியக்க நிலையாகும்.

இது நேற்று முளைத்த நோய்ப்பெயர் அன்று. 1798இலேயே அலெக்சாண்டர் கிரைற்றன் என்ற ஸ்கொட்லாந்து மருத்துவர் கவனம் நிலைகொள்ளாத நிலையை விவரித்துள்ளார். 1902இல் இலண்டனில் ஜோர்ஜ் ஸ்ரில் என்ற குழந்தை மருத்துவர் இத்தகைய சிறுவர்களைப் பற்றி விரிவுரைகள் ஆற்றினார். நெடுங்காலம் இது சிறுவர்க்கு மட்டுமே உரியது, வளர வளர மறைந்துவிடும் என்று கருதப்பட்டது. வளர்ந்தோரிலும் ஏறத்தாழ 2.5 வீதமானோரிடம் இது தொடர்கின்றது என்பதே இன்றைய ஆய்வுகளின் முடிவு. துள்ளலும் ஓட்டமும் குறைகின்றன. திட்டமிடுதலிலும் தொடங்குதலிலும் முடித்தலிலும் உள்ள இடர்ப்பாடு எஞ்சுகின்றது.

இவ்விடர்ப்பாட்டைப் புரிந்துகொள்ள 'நிறைவேற்றுத் தொழிற்பாடு' என்ற கருத்தை அறிதல் வேண்டும். ஒரு கலியாண வீட்டை எண்ணிப் பார்க்கலாம். சமையற்காரர், நாதஸ்வரக் கலைஞர், மணவறை அலங்கரிப்போர், ஐயர் ஆகிய யாவரும் திறமைசாலிகள். ஆயினும் எது முதலில், எது பின்னர், எவ்வளவு நேரம் உள்ளது என்று முன்னின்று நடத்தும் ஒருவர் இல்லையெனில் முகூர்த்தம் தவறிவிடும். மூளையில் அவ்வாறு முன்னின்று நடத்தும் பணியே நிறைவேற்றுத் தொழிற்பாடு. உந்துதலை அடக்குதல், செய்ய வேண்டியதை மனத்தில் தாங்கியிருத்தல், காலத்தை உணர்தல், உணர்ச்சியைச் சமன்செய்தல், ஒரு வேலையிலிருந்து மற்றொன்றுக்கு மாறுதல் ஆகியன இதில் அடங்கும். நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளையின் முன்பகுதியும், அதனோடு இணைந்த நரம்பு வலையமைப்புகளும், டொபமின், நோராட்ரெனலின் என்னும் இரசாயனங்களும் இதில் பங்கு வகிக்கின்றன.

அமெரிக்க உளவியலாளர் றசல் பார்க்லி 1997இல் வெளியிட்ட நூலில், இந்நிலையைத் தன்னை ஒழுங்குபடுத்தும் ஆற்றலின் குறைபாடாக விளக்கினார். செய்ய வேண்டியது எதுவென்று அவர்களுக்குத் தெரியும். தெரிந்ததை உரிய நேரத்திற் செய்வதிலேயே சிக்கல் உள்ளது என்பது அவரது விளக்கத்தின் சாரம். அறிவுரை பயனளிக்காமைக்குக் காரணமும் இதுவே. "கடிதத்தைத் திற" என்று நூறு முறை கூறுவது, அவர் ஏற்கனவே அறிந்த ஒன்றை நூறு முறை கூறுவதாகும்.

திருக்குறளின் மடியின்மை அதிகாரத்தில் வள்ளுவர் காலம் நீட்டித்தல், மறதி, சோம்பல், உறக்கம் ஆகிய நான்கையும் ஒருங்கே வைத்துக் கண்டிக்கின்றார். அவ்வறவுரை தமது விருப்பால் தாமதிப்போருக்குப் பொருந்தும். வெளித்தோற்றத்தில் அதே காலம் நீட்டித்தலும் மறதியும் அவதானக் குறைபாடு உடையவரிடமும் உள்ளன. எனினும் சோம்பல் உடையவர் வேலையைத் தவிர்த்து ஆறுதல் அடைகின்றார். இவரோ வேலையையும் செய்யாது, ஆறுதலும் அடையாது, இரவு முழுவதும் அதனையே எண்ணி வருந்துகின்றார். இவ்வேறுபாட்டைக் காணப் பெற்றோருக்குக் கண் வேண்டும்.

புலம்பெயர் தமிழ்க் குடும்பங்களில் இந்நிலை தாமதமாகவே வெளிப்படுவதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. காலையில் எழுப்புவதும், உணவு கட்டிக் கொடுப்பதும், சந்திப்புகளை நினைவூட்டுவதும் தாயே. பாடசாலையும் தனியார் வகுப்பும் நாளை ஒழுங்குசெய்கின்றன. பிள்ளைக்குள் இல்லாத ஒழுங்கு, வெளியிலிருந்து அன்பாகக் கிடைக்கின்றது. தொழிற்கல்வி முடித்தோ திருமணம் செய்தோ அவர் தனிவீடு செல்லும்போது அத்தாங்குகோல்கள் ஒரே நாளில் அகற்றப்படுகின்றன. அப்போதே சரிவு கண்ணுக்குத் தெரிகின்றது. இதற்கு எதிர்மாறான நிலையும் உண்டு. ஜேர்மன் அல்லது பிரெஞ்சு மொழி அறிந்தவர் பிள்ளை மட்டுமே என்பதால், வீட்டின் கடிதங்கள் யாவும் பன்னிரண்டு வயதுச் சிறுவனிடம் ஒப்படைக்கப்படுகின்றன. அவனுக்கு இக்குறைபாடு இருப்பின், முழுக் குடும்பத்தின் கடிதங்களும் அவனது மேசை இழுப்பறைக்குள் உறங்கக்கூடும்.

பெண்பிள்ளைகள் பலர் துள்ளித் திரிவதில்லை. அமைதியாகக் கனவு காண்பவர்களாக வகுப்பில் அமர்ந்திருப்பர். அவர்களின் இடர்ப்பாடு எவர் கண்ணிலும் படாமல் வளர்ந்த பின்னரே கண்டறியப்படுவது வழமை. மரபணுச் செல்வாக்கும் இதில் மிகப் பெரிது. இரட்டையர் ஆய்வுகள் அதனை 70 முதல் 80 வீதம் வரை மதிப்பிடுகின்றன. பிள்ளையைப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லும் தந்தை, கேட்கப்படும் வினாக்களில் தமது வாழ்வைக் காண்பது வியப்பன்று.

நோயறிதலை இணையத்து வினாக்கொத்தைக் கொண்டு முடிவு செய்தல் கூடாது. அறிகுறிகள் பன்னிரண்டு வயதுக்கு முன்னரே இருந்திருத்தல் வேண்டும். 2013இல் வெளிவந்த அமெரிக்க உளமருத்துவக் கையேட்டின்படி, ஒரு பிரிவிலேனும் குறைந்தது ஐந்து அறிகுறிகள் வளர்ந்தோரிடம் காணப்படுதல் வேண்டும். பழைய பாடசாலை அறிக்கைகளும் பெற்றோரின் நினைவுகளும் இங்கு முதன்மையான சான்றுகள். "சிறு வயதில் அவன் எப்படி இருந்தான்?" என்று மருத்துவர் கேட்கையில், குடும்ப மானம் கருதி "எல்லாம் நன்றாகவே இருந்தது" என்று கூறுவது பிள்ளைக்குச் செய்யும் உதவி அன்று. போரின் வடு, மனச்சோர்வு, உறக்கக் குறைபாடு, தைரொயிட் நோய் ஆகியனவும் கவனத்தைச் சிதைக்கும். போரிலிருந்து தப்பி வந்தோரிடம் இவ்வேறுபாட்டைப் பிரித்தறிதல் மிக இன்றியமையாதது.

சிகிச்சை பற்றிய கதையில் சுவிற்சர்லாந்துக்கே ஓரிடம் உண்டு. மெதில்பெனிடேற் என்னும் மருந்தை 1944இல் உருவாக்கியவர் பாசெல் நகரின் சீபா நிறுவனத்து வேதியியலாளர் லியான்றோ பனிசோன். அவரது மனைவியின் செல்லப்பெயரான 'றீற்றா' என்பதிலிருந்தே 'ரிற்றலின்' என்ற வணிகப்பெயர் பிறந்தது. 1954இல் அது விற்பனைக்கு வந்தது. இன்று இம்மருந்தும் லிஸ்டெக்ஸ்அம்பெற்றமினும் வளர்ந்தோருக்கு முதலில் பரிந்துரைக்கப்படுபவை. இவை போதைப்பொருட் சட்டத்தின் கீழ்க் கட்டுப்படுத்தப்பட்டவை. இதயம், குருதியமுக்கம் ஆகியவற்றைச் சோதித்து மருத்துவரே தொடங்குதல் வேண்டும். ஒருவரின் மாத்திரையை மற்றொருவர் எடுத்தல் சட்டப்படியும் மருத்துவப்படியும் தவறு. மறுபுறம், உரிய கண்காணிப்போடு எடுக்கும் சிகிச்சை பின்னாளில் போதைப் பழக்கத்தைக் கூட்டுவதாக நெடுங்கால ஆய்வுகள் காட்டவில்லை.

மாத்திரை கவனத்தைத் தரலாம்; கடிதங்களை அடுக்கித் தராது. அதற்குப் பயிற்சி வேண்டும். 2010இல் மேரி சொலான்ரோவும் குழுவினரும் 88 வளர்ந்தோரிடம் நடத்திய ஆய்வில், நேரத்தையும் வேலையையும் ஒழுங்குசெய்யக் கற்பித்த 12 வாரக் குழுப் பயிற்சி, ஆறுதல் தரும் குழுச் சந்திப்பைவிடக் கூடிய பயன் தந்தது. சுவிஸ் எல்லையை ஒட்டிய கொன்ஸ்ரன்ஸ் பல்கலைக்கழகத்தின் பீற்றர் கொல்விற்சர் ஆராய்ந்த 'இது நிகழ்ந்தால் இதைச் செய்வேன்' என்னும் திட்டமும் எளியது. "கடிதங்களை ஒழுங்காகப் பார்ப்பேன்" என்பதற்குப் பதிலாக, "வீட்டுக்குள் வந்து சப்பாத்தைக் கழற்றியதும் கடிதத்தைத் திறப்பேன்" என்று முடிவு செய்வதே அது. வாடகைக்கு வங்கியில் நிலையான கட்டளை, ஏனைய கட்டணங்களுக்கு ஈபில் முறையில் தன்னியக்க அனுமதி, கண்ணில் படும் சுவர்க்கடிகாரம், வாரம் ஒருமுறை அருகில் ஒருவர் அமர்ந்திருக்கக் கடிதம் பார்த்தல் ஆகியனவும் உதவும். நினைவாற்றலை நம்பாது சூழலை மாற்றுவதே இவற்றின் பொதுத் தத்துவம்.

உதவி பெறும் வழிகளையும் அறிந்திருத்தல் நன்று. முதலிற் குடும்ப மருத்துவரை நாடலாம். 2022 யூலை 1 முதல், மருத்துவர் எழுதித் தந்தால் உளவியல் சிகிச்சையாளரின் அமர்வுகளை அடிப்படைக் காப்புறுதி ஏற்கின்றது. ஒரு பரிந்துரைக்கு அதிகபட்சம் 15 அமர்வுகள். சிறுவர்களைப் பொறுத்தவரை, ஒன்பது வயது நிறைவதற்கு முன்னர் நோயறியப்பட்டுச் சிகிச்சையும் தொடங்கியிருப்பின், உரிய நிபந்தனைகளின் கீழ் இயலாமைக் காப்புறுதி பொறுப்பேற்கும். ஆகவே ஆசிரியரின் ஐயத்தை ஒத்திவைத்தல் ஆகாது. தொழிற்கல்வி பயில்வோரும் பல்கலைக்கழக மாணவரும் பரீட்சையில் மேலதிக நேரம் போன்ற 'நாஹ்ரைல்ஸ்அவுஸ்கிளைஹ்' என்னும் ஈடுசெய் ஏற்பாட்டுக்கு மருத்துவச் சான்றுடன் உரிய காலத்தில் விண்ணப்பிக்கலாம். எல்பொஸ் என்னும் சுவிஸ் அமைப்பு பாதிக்கப்பட்டோருக்கும் குடும்பத்தினருக்கும் ஆலோசனை வழங்குகின்றது. கடன் ஏற்கனவே சேர்ந்துவிட்டால் கரித்தாஸ் போன்ற நிறுவனங்களின் கடன் ஆலோசனை உண்டு. பணஞ்செலுத்தற் கட்டளை கையில் கிடைத்தால், கடன் தமதன்று எனக் கருதுவோர் ஆட்சேபம் தெரிவிக்கப் பத்து நாட்களே உள்ளன என்பதை மறத்தலாகாது.

பெற்றோர்களே, வளர்ந்த பிள்ளையின் இழுப்பறையில் திறக்கப்படாத கடிதக்கட்டு காணப்பட்டால், முதலில் கேட்கத்தக்கது "ஏன் செய்யவில்லை?" என்பதன்று, "எந்த இடத்தில் தடைப்படுகின்றது?" என்பதே. இளையோரே, பல ஆண்டுகள் சுமந்த வசைச்சொல் உண்மையான பெயர் அன்று என்று அறிவதற்கு ஒரு மருத்துவச் சந்திப்பு போதுமாயிருக்கலாம். அச்சந்திப்புக்குத் தொலைபேசி எடுப்பதே கடினமெனில், வீட்டில் ஒருவரை அருகில் அமரச் செய்து இன்றே எடுக்கலாம்.