கணக்கேட்டில் நாம் யார்?



பாலிக் புலாவ் என்றால் தீவின் பின்புறம் என்று பொருள். பினாங்குத் தீவின் மேற்கே, மலைக்கு அப்பால், ஜாதிக்காயும் கிராம்பும் டுரியானும் ரப்பரும் விளைந்த மண் அது. 1821-ஆம் ஆண்டில் சயாமியப் படை கெடாவைத் தாக்கியபோது தப்பி வந்த மலாய்க் குடும்பங்கள் அங்கே குடியேறின. மலைச்சரிவுகளில் ஹக்கா சீனர்கள் தோட்டம் போட்டார்கள். ரப்பர் வந்தபோது நம்மவர்கள் பால் வெட்ட வந்தார்கள். இப்படிப்பட்ட ஓர் ஊரில் எந்த இனத்தவர் எத்தனை பேர் என்று கேட்டால், பதில் சொல்வது எளிது போலத் தோன்றும். அது ஏன் எளிதன்று என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

நம் ஊர்களில் பள்ளிக்கு வெள்ளி விழா மலர் போடுகிறோம். கோயிலுக்குக் குடமுழுக்கு மலர் போடுகிறோம். சம்பளம் வாங்காத சில இளைஞர்களும் ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் உட்கார்ந்து அவற்றைத் தொகுக்கிறார்கள். 2001-ல் தொடங்கிய விக்கிப்பீடியா என்னும் இணையக் கலைக்களஞ்சியமும், 2003-ல் பிறந்த அதன் தமிழ்ப் பதிப்பும் இப்படிப்பட்ட தன்னார்வலர்களால்தான் எழுதப்படுகின்றன. மலர்க்குழுவானாலும் கலைக்களஞ்சியமானாலும், தொகுப்பவர்களுக்குள் கடுமையான சச்சரவு எழும் இடங்களில் ஒன்று, இனமும் வம்சாவளியும் பற்றிய எண்ணிக்கை. ஒருவர் ஓர் எண்ணை எழுதுவார். மற்றொருவர் அதை அடித்துவிட்டு வேறோர் எண்ணை எழுதுவார். மூன்றாமவர், இரண்டும் தவறு, நம் இனத்தைக் குறைத்துக் காட்டுகிறீர்கள் என்று கோபிப்பார்.

இவர்களில் யாரும் பொய் சொல்லவில்லை என்பதே பெரும்பாலும் உண்மை. எப்படி என்று பார்ப்போம்.

தோட்டத்துக் கிராணி செக்ரோல் எழுதிய காலத்தை நினைத்துப் பாருங்கள். காலையில் பெரட்டுக்கு வந்தவர்களின் பெயர் அதில் ஏறும். கைக்குழந்தையும் வேலையை விட்ட பாட்டியும் அதில் இருக்கமாட்டார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசர் குடும்பப் பட்டியல் எழுதினால், அதில் எல்லாத் தலைகளும் இருக்கும். தோட்டத்தில் எத்தனை பேர் என்று கேட்டால் கிராணி ஓர் எண் சொல்வார், டிரசர் வேறோர் எண் சொல்வார். இரண்டும் சரிதான். கேள்விதான் வேறு.

நாட்டின் குடிமதிப்புக் கணக்கிலும் இதே கதைதான். 1871-ல் பினாங்கை உள்ளிட்ட நீரிணைக் குடியேற்றங்களில் எடுத்த கணக்கில் நம்மவர்களுக்குக் 'கிலிங்' என்று பெயர். இன்று அந்தச் சொல் நம்மை இழிவுபடுத்துவது என்று நாம் ஏற்பதில்லை. 1891 கணக்கில் 'தமிழரும் ஏனைய இந்தியப் பூர்வீகத்தவரும்' என்று ஒரு தலைப்பு வந்தது. அதன் கீழே பர்மியரும் பார்சிகளும்கூட இருந்தார்கள். இந்திய முஸ்லிம் தந்தைக்கும் மலாய்த் தாய்க்கும் பிறந்த ஜாவி பெக்கான் மக்களோ மலாய்க்காரர் தலைப்பின் கீழ் வைக்கப்பட்டார்கள். பினாங்கில் அவர்கள் பெயர்பெற்ற சமூகம். பிற்காலக் கணக்குகளில் அந்தப் பெயரே மறைந்துபோயிற்று. மக்கள் மறையவில்லை, தலைப்புத்தான் மறைந்தது.

1931-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை நடத்திய விலீலண்ட் என்ற அதிகாரி, 'இனம்' என்று தாம் எழுதுவது பூர்வீகம், அரசியல் பற்று, சமூக ஒட்டுறவு முதலிய பலவும் வேலைக்கு ஏற்றபடி கலந்த ஒன்று என்று தமது அறிக்கையில் ஒப்புக்கொண்டார். பிறகும் தலைப்புகள் மாறிக்கொண்டே இருந்தன. 1957-ல் இலங்கைத் தமிழர் 'ஏனையோர்' வரிசையில் இருந்தார்கள். 1970-ல் 'இந்தியர்' தலைப்பின் கீழ் வந்தார்கள். ஆகவே அந்த இரண்டு ஆண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இந்தியர் இத்தனை பேர் கூடினார்கள் என்று சொல்வதற்கு முன், உள்ளே யார் வந்தார்கள் என்றும் கேட்கவேண்டும்.

அடுத்து விழுக்காடு. இங்கேதான் சண்டை அதிகம். 1957-ல் மலாயாவில் இந்தியர் சுமார் 7 இலட்சம் பேர். அதாவது நூற்றுக்குப் பதினொருவர். 2020 கணக்கில் மலேசிய இந்தியர் சுமார் 20 இலட்சம் பேர், நூற்றுக்கு 6.7. நாம் குறைந்துவிட்டோமா, கூடிவிட்டோமா? தலையை எண்ணினால் ஏறத்தாழ மூன்று மடங்காகியிருக்கிறோம். பங்கைப் பார்த்தால் குறைந்திருக்கிறோம். பங்கு குறைந்ததற்குப் பல காரணங்கள் உண்டு. 1963-ல் சபாவும் சரவாக்கும் சேர்ந்து மலேசியா உருவானபோது, இந்தியர் மிகச் சிலரே வாழும் பெரும் பகுதிகள் கணக்கில் சேர்ந்தன. 1969-க்குப் பின் குடியுரிமை இல்லாத தொழிலாளருக்கு வேலை அனுமதி கட்டாயமானபோது, பல்லாயிரம் பேர் தமிழ்நாட்டுக்குக் கப்பலேறினார்கள். நம் குடும்பங்களில் பிள்ளைப்பேறும் மலாய்க்காரர்களைவிட வேகமாகக் குறைந்தது.

அந்த 6.7 என்ற எண்ணையும் கவனிக்கவேண்டும். 2020-ல் நாட்டில் இருந்த மொத்த மக்கள் 3 கோடியே 24 இலட்சம். அவர்களுள் குடிமக்கள் சுமார் 2 கோடியே 98 இலட்சம். 6.7 என்பது குடிமக்களுக்குள் நம் பங்கு. வெளிநாட்டுத் தொழிலாளர் உட்பட எல்லாரையும் சேர்த்து வகுத்தால் 6.2 அளவில்தான் வரும். ஒரு தொகுப்பாளர் 6.7 என்பார், மற்றவர் 6.2 என்பார். ஒரே மக்கள், வகுத்த தொகை வேறு. இதைப் பக்கத்தில் ஒரு வரி எழுதிவிட்டால் பாதிச் சச்சரவு ஓய்ந்துவிடும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. பழைய கணக்குகளில் இந்தியருள் ஐந்தில் நான்கு பங்கினர் தமிழர் என்று இருந்தது. அந்தப் பங்கை இன்றைய 20 இலட்சத்தோடு பெருக்கி, தமிழர் 16 இலட்சம் என்று எழுதுகிறார்கள். அது மதிப்பீடு, எண்ணிப் பார்த்த தொகை ஆகாது. மதிப்பீடு என்று சொல்லி எழுதினால் குற்றமில்லை.

எண்ணைவிடச் சிக்கலானது வம்சாவளி. மலாக்காவில் கஜா பேராங் பகுதியில் வாழும் செட்டி மக்கள், மலாக்கா சுல்தான்கள் காலத்தில் வந்த தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்கள். சிவனையும் மாரியம்மனையும் வணங்குகிறார்கள். வீட்டில் பேசுவதோ மலாய். அவர்கள் தமிழரா? நம் தோட்டங்களில் தெலுங்குக் குடும்பங்கள் பல தலைமுறையாகத் தமிழ்ப் பள்ளியில் படித்துத் தமிழே பேசுகின்றன. அவர்களை எங்கே எழுதுவது? நம் அரசியல் சட்டத்தின் 160-ஆம் பிரிவு, இஸ்லாம் மார்க்கம், மலாய் மொழிப் பழக்கம், மலாய் வழக்கம் ஆகியவற்றைக் கொண்டு மலாய்க்காரர் யார் என்று வரையறுக்கிறது. அதனால் தமிழ் முஸ்லிம் பாட்டனாரின் பேரன் சட்டத்தின்படி மலாய்க்காரராக இருக்கலாம். பேசும் மொழி ஒரு கேள்வி. முன்னோர் வந்த ஊர் ஒரு கேள்வி. தம்மை என்ன பெயரால் அழைத்துக்கொள்கிறார் என்பது மூன்றாவது கேள்வி. மூன்றையும் ஒரே கட்டத்தில் அடைக்கப் பார்ப்பதால்தான் சண்டை வருகிறது.

இது வெறும் ஏட்டுச் சண்டையா? கடல் கடந்து இலங்கை மலைநாட்டைப் பாருங்கள். நம்மைப் போலவே தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகள் அழைத்துச் சென்ற தோட்டத் தொழிலாளர்கள் அவர்கள். 1911 குடிமதிப்பில் அவர்களை 'இந்தியத் தமிழர்' என்று தனியே பிரித்து எழுதினார்கள். 1971-ல் அவர்கள் சுமார் 11 இலட்சத்து 75 ஆயிரம். 1981-ல் சுமார் 8 இலட்சத்து 19 ஆயிரம். பத்தே ஆண்டில் மூன்றரை இலட்சம் பேர் எங்கே போனார்கள்? பெரும்பகுதியினர் 1964-ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்கள். மற்றும் சிலர் எங்கும் போகவில்லை. 'இந்தியர்' என்ற பெயர் இருந்தால் நாட்டைவிட்டு அனுப்பிவிடுவார்களோ என்ற அச்சத்தாலும் வேறு காரணங்களாலும் 'இலங்கைத் தமிழர்' என்று எழுதிக்கொண்டார்கள். கப்பலேறிப் போனதையும் பேனாவால் மாறியதையும் பிரிக்காமல் அந்த எண்ணைப் படித்தால் வரலாறே பிழைபட்டுப் போகும். ஒரு சமூகத்தின் பள்ளிக்கூடம், மருத்துவமனை, மன்றத்தில் இடம் என்று கேட்கும்போதெல்லாம் இந்த எண்தான் முன்னே வைக்கப்படுகிறது. ஆகவே நமக்கும் இதில் அக்கறை வேண்டும்.

தொகுக்கும் இளைஞர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இதுதான். எண்ணை எழுதும்போது நான்கு விவரங்களைச் சேர்த்து எழுதுங்கள். எந்த ஆண்டு? எந்த எல்லைக்குள்? எந்தத் தலைப்பின் கீழ்? எந்த மொத்தத்தில் இத்தனை பங்கு? நல்ல ஆதாரங்கள் இரண்டு முரண்பட்டால், ஒன்றை அடிக்காமல் இரண்டையும் எழுதி, ஏன் வேறுபடுகின்றன என்று காட்டுங்கள். ஆதாரம் இல்லாத பெரிய எண்ணால் நம் இனம் பெரிதாகிவிடாது. நாளை ஒருவர் அதைக் கேள்வி கேட்டால், நாம் சொன்ன மெய்யையும் சேர்த்துச் சந்தேகிப்பார்கள்.

குடும்பங்களுக்கும் ஒரு வேலை உண்டு. கணக்கெடுப்பவர் வீட்டு வாசலுக்கு வரும்போது, யாராவது ஏதாவது எழுதிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடாதீர்கள். வீட்டிலுள்ள எல்லாரையும் சொல்லுங்கள். என்ன எழுதுகிறார் என்று கேளுங்கள். பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் பெயரும் இனமும் சரியாக இருக்கின்றனவா என்று படித்துப் பார்த்து, படிக்கத் தெரியாவிட்டால் பள்ளி ஆசிரியரிடம் காட்டி, வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள்: தாத்தா பாட்டியின் ஊர், வட்டம், 'ரஜூலா' கப்பலில் வந்தார்களா, ஜெரெஜாக் தீவில் தங்கவைக்கப்பட்டார்களா, முதலில் எந்தத் தோட்டத்தில் பெயர் பதிந்தார்கள் என்று. தாயின் வழியையும் எழுதுங்கள். தந்தை வழியை மட்டும் எழுதுவதால் பாதிக் குடும்பம் விட்டுப்போகிறது.

நாளை மலருக்கோ கலைக்களஞ்சியத்துக்கோ எழுத வரும் பேரப்பிள்ளைகள் சண்டையிட்டாலும், அந்த நோட்டைப் பார்த்துச் சண்டையிடட்டும்.