கடற்பஞ்சு தந்த மருந்து



மண்டபம் கரையில் வலையை உதறும்போது மீனோடு சேர்ந்து கடற்பஞ்சும் விழும். மாணவர்களை அங்கே கூட்டிப்போனால் முதலில் அதைத்தான் காட்டுவேன். வெறுங்கையால் தொட விடமாட்டேன். அதன் உடம்பிலுள்ள பொடிப்பொடி சிலிக்கா முட்கள் தோலில் ஏறினால் அரித்துத் தீர்த்துவிடும். "இது என்ன செடி?" என்று யாராவது கேட்பார்கள். செடியல்ல நேயர்களே, பிராணி! ஓட முடியாது, கடிக்கப் பல் கிடையாது. அதனால் நஞ்சுதான் அதற்குக் காவல். அந்த நஞ்சுகளில் சில, புற்றுச்செல்களையும் கொல்கின்றன.

ரத்தப் புற்றுக்குத் தரும் சைட்டராபின் மருந்துக்கு வழிகாட்டியதும் கரீபியக் கடற்பஞ்சு ஒன்றுதான். அதை இன்னொரு நாள் பேசலாம். இன்று எனக்கு ஜப்பான் கதையைச் சொல்லியாக வேண்டும்.

1986-இல் அந்நாட்டு வேதியியலாளர்கள் ஹிராட்டா, உவெமுரா குழுவினர் 600 கிலோ கடற்பஞ்சிலிருந்து, புற்றுச்செல்லைக் கொல்லும் ஹாலிகாண்ட்ரின் பி என்ற பொருளைப் பிரித்தார்கள். கிடைத்தது 12.5 மில்லிகிராம். ஓர் அரிசியின் எடைகூட இல்லை! இந்தக் கணக்கில் மருந்து செய்தால் கடலில் பஞ்சு மிஞ்சுமா?

1992-இல் ஹார்வர்டில் யோஷிட்டோ கிஷி அந்த மூலக்கூறை ஆய்வகத்திலேயே கட்டி முடித்தார். இனிதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். வழியில் உருவான துண்டுகளையும் வீணாக்காமல் ஐசாய் மருந்து நிறுவனம் சோதித்துப் பார்த்தது. மூலக்கூறின் வலது பாதி மட்டுமே போதும், வீரியம் அதில்தான் என்று தெரிந்தது. அதைச் செப்பனிட்டுப் பிறந்ததுதான் எரிபுலின். செல் இரண்டாகப் பிரிய அதனுள் இருக்கும் நுண்குழல்கள் வளர வேண்டும். எரிபுலின் அவற்றின் நுனியில் ஒட்டி வளர்ச்சியை நிறுத்திவிடும், பிரிய முடியாத செல் செத்துப்போகும். இன்று ஒரு கடற்பஞ்சையும் பறிப்பதில்லை. மருந்து 62 வேதிப்படிகளில் ஆலையிலேயே தயாராகிறது.

உடலில் பரவிவிட்ட மார்பகப் புற்றுக்கு 2010-இல் அமெரிக்கா இதை அனுமதித்தது. 762 பெண்களிடம் நடந்த சோதனையில், உயிர்வாழ்ந்த இடைநிலைக் காலம் (median) மற்ற சிகிச்சைகளில் 10.6 மாதம், எரிபுலினில் 13.1 மாதம். இவ்வளவுதானா என்று நினைக்காதீர்கள். பல மருந்துகளும் கைவிட்ட பிறகு கிடைத்த மாதங்கள் அவை. வெள்ளணு குறைதல், கைகால் மரத்துப்போதல் போன்ற பக்கவிளைவுகளும் உண்டு.

நேரம் முடிகிறது. கடற்பஞ்சுப் பொடி புற்றைக் குணமாக்கும் என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். மார்பில் சிறு கட்டி தட்டுப்பட்டாலும் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.