இளையோர் கேட்பதும் மூத்தோர் செய்வதும்



இளையோரைப் பற்றிப் பேசுமாறு அறக்கட்டளையினர் என்னைப் பணித்தனர். எனினும் இன்று நான் மூத்தோரிடமே சிறிது பேச விரும்புகிறேன். முதற்கண் திருவண்ணாமலையில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுகிறேன்.

அவ்வூர் மாணவி வினிஷா உமாசங்கர் தம் 12-ஆம் வயதில், தெருவில் இஸ்திரி போடும் ஒருவர் எரிந்த கரியைக் கொட்டுவதைக் கண்டார். நாம் நாள்தோறும் கண்டு கடந்து செல்லும் காட்சிதான். அவரோ அக்கரிக்காக வெட்டப்படும் மரங்களையும், புகையைச் சுவாசிக்கும் தொழிலாளரையும் எண்ணினார். இத்தகைய வண்டி ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 கிலோ கரி செலவாகிறது. வண்டியின் கூரையில் சூரியத் தகடுகளைப் பொருத்தி, கிடைக்கும் மின்சாரத்தை மின்கலத்தில் சேமித்து, இஸ்திரிப் பெட்டியை இயக்கும் முறையை அவர் வடிவமைத்தார். 5 மணி நேர நல்ல வெயில் 6 மணி நேரப் பணிக்குப் போதுமானது. தேசியப் புத்தாக்க நிறுவனம் மாதிரி வண்டி உருவாகத் துணைநின்றது. 2020-இல் சுவீடன் நாட்டின் சிறார் காலநிலைப் பரிசு அவருக்குக் கிடைத்தது. 2021 நவம்பரில் கிளாஸ்கோ நகரில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில் உலகத் தலைவர்கள் முன் பேசினார். பேச்சளவில் நில்லாது, இளையோரின் முயற்சிகளுக்குத் தோள்கொடுங்கள் என்பதே அவர் வேண்டுகோள்.

அச்செய்தியைப் படித்து மகிழ்ந்தவர்களுள் நானும் ஒருவன். அதே ஆண்டில் என் பேத்தி, "தாத்தா, நம் மொட்டைமாடியிலும் சூரியத் தகடு அமைக்கலாமா?" என்று கேட்டாள். "முதலில் பாடத்தைப் படி, அம்மா" என்று அனுப்பிவிட்டேன். ஊரார் பெண்ணைப் பாராட்டிய நான், என் வீட்டுப் பெண்ணின் சொல்லைச் செவிமடுக்கவில்லை.

மூன்றாண்டுகள் கழித்து அவள் மின்கட்டண அட்டையையும், தாளில் எழுதிய ஒரு கணக்கையும் என்முன் வைத்தாள். 1 கிலோவாட் தகடுகளுக்கு நிழல் படாத 100 சதுர அடி இடம் வேண்டும்; நம் பகுதி வெயிலில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 யூனிட் கிடைக்கும்; 2024-இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தின்படி, 3 கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. மறுத்துரைக்க என்னிடம் ஏதுமில்லை. இன்று எங்கள் கூரையில் தகடுகள் உள்ளன. நான் வீணாக்கிய மூன்றாண்டு வெயில் மட்டும் திரும்பாது.

கதிரவன் மறையுமுன் உண்ணும் ஒழுக்கத்தைப் போற்றும் நமக்குப் பகலொளியின் அருமையை எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டுவதில்லை. ஆகவே ஒன்று வேண்டுகிறேன். நம் மண்டபத்தின் ஓராண்டு மின்கட்டணக் கணக்கை இப்பிள்ளைகளிடம் ஒப்படைப்போம். கூரையை அவர்களே அளக்கட்டும். வீணாக எரியும் விளக்குகளைக் குறிக்கட்டும். அடுத்த பொதுக்கூட்டத்தில் தம் கணக்கை எடுத்துரைக்கட்டும். அது பொருந்தாதெனில் காரணம் கூறுவோம். பொருந்துமெனில் அன்றே பொருள் ஒதுக்குவோம். "பிறகு பார்ப்போம்" என்னும் விடை மட்டும் வேண்டா.

பிள்ளைகளே, நீங்களும் முழக்கத்தோடு நின்றுவிடாமல் கணக்கோடு வாருங்கள். தாத்தாக்கள் சற்றுத் தாமதமாகவேனும் கேட்பார்கள்.