பழைய பெட்டியில் நண்பர் குரல்

(கொடைக்கானலில் நடைபெற்ற பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



செயலாளர் எனக்குக் கொடுத்திருப்பது பத்து நிமிஷம். சாப்பாட்டுக்கு முன்னால் பேசுகிறவன் சுருக்கமாகப் பேச வேண்டும் என்பது நம் விடுதிக் காலத்துச் சட்டம். ஆகவே நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

நம்மில் ஒருவர் இன்று வரவில்லை. டிரான்சிஸ்டரைக் காதில் வைத்துக்கொண்டு, இங்கிலீஷ் கமெண்டரியை அறை அறையாகத் தமிழில் சொல்லிக்கொண்டு போவாரே, அவர்தான். பெருமாள்மலைப் பக்கம் இருக்கிறார். கண்நீர் அழுத்த நோயால் பார்வை போய் ஆறு வருஷம் ஆகிறது. "கூட்டத்துக்கு வந்து யாரு யாருன்னு கேட்டுக்கிட்டு நிக்கணும், வேணாம்ப்பா" என்று சொல்லிவிட்டார். ஆனால் ஞாயிறு இரவு எட்டு மணிக்கு நாங்கள் பதினோரு பேர் கம்ப்யூட்டரில் கூடிப் பேசுகிறோமே, அதில் அவர்தான் முதல் ஆள். அங்கே முகம் கிடையாது, குரல் மட்டும்தான். அவருக்கும் நமக்கும் அங்கே எந்த வித்தியாசமும் இல்லை. அந்த ஏற்பாடு எப்படி நடக்கிறது, அதை நம் சங்கம் ஏன் பெரிதாகச் செய்ய வேண்டும் என்பதுதான் என் பேச்சு.

"அதான் செல்போன் இருக்கே, சார்!" என்று பின்வரிசையில் ஒரு தம்பி முணுமுணுப்பது கேட்கிறது. நியாயம்தான். ஆனால் நம் நண்பர் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியவர். வழவழ கண்ணாடித் திரை அவருக்குப் பிடிபடவில்லை. கீ போர்டு என்றால் விரலுக்குத் தானாக வழி தெரிகிறது.

அவரிடம் இருப்பது பதிமூன்று வருஷத்துப் பழைய டெஸ்க்டாப். அதில் லினக்ஸ் போட்டிருக்கிறோம். 1991இல் லைனஸ் டோர்வால்ட்ஸ் என்ற ஃபின்லாந்து மாணவர் தொடங்கியது இது. மூல நிரலை யாரும் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். நமக்கு இது அந்நியமும் இல்லை. சி-டாக் நிறுவனம் 2007இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ், 2011இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினிகளிலும் வந்தது. உங்கள் பிள்ளைகள் திறந்து பார்த்தார்களா என்பது வேறு கதை.

லினக்ஸுக்கு வெகுகாலம் ஒரு கெட்ட பெயர் உண்டு: "எல்லாம் சரி, சத்தம்தான் வராது!" காரணத்தைச் சொல்கிறேன். 1992இல் ஹன்னு சவோலைனன் உருவாக்கிய முதல் ஒலி அமைப்பில், பெரும்பாலான கார்டுகளை ஒரு நேரத்தில் ஒரு புரோகிராம்தான் பிடிக்க முடியும். கல்யாண வீட்டில் மைக்கைப் பிடித்தவர் விடாமல் பேசிக்கொண்டே இருந்தால் மற்றவர் கதி என்ன? அதே கதிதான். பார்வை உள்ளவருக்கு அது வெறும் எரிச்சல். பார்வை இல்லாதவருக்கோ வாசலே அடைபட்ட மாதிரி. ஏனென்றால் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் ஓர்கா என்ற புரோகிராமும் பேச வேண்டும், அதே நேரத்தில் நண்பர்கள் குரலும் கேட்க வேண்டும். ஒன்று பிடித்தால் மற்றது ஊமை என்றால் அவர் என்ன செய்வார்?

2003 டிசம்பரில் வந்த லினக்ஸ் 2.6இல் அல்சா என்ற புதிய அடித்தளம் சேர்ந்தது. 2004இல் லென்னார்ட் போட்டரிங் தொடங்கிய பல்ஸ்ஆடியோ, பல புரோகிராம்களின் ஒலியைக் கலந்து, ஒவ்வொன்றுக்கும் தனித் திருகு வைத்தது. 2008இல் உபுண்டு அதை ஏற்றபோது கரகரப்பும் திட்டும் ஏராளம். போகப் போகச் சீரானது. இப்போது அந்த இடத்துக்கு விம் டேமன்ஸ் உருவாக்கிய பைப்வயர் வந்திருக்கிறது. 2021இல் ஃபெடோராவும் 2022இல் உபுண்டுவும் இதற்கு மாறின. அதன் பயனாக நம் நண்பர் ஓர்காவின் குரலைத் தணித்து, நம் குரலை உயர்த்தி, இரண்டையும் சேர்த்தே கேட்கிறார். ஈஸ்பீக் என்ற இன்னொரு இலவச நிரல் தமிழையும் படிக்கிறது. உச்சரிப்பு கொஞ்சம் எந்திரத்தனம்தான், ஆனால் புரிகிறது.

அடுத்தது, குரல் எப்படி மலையேறுகிறது? தொலைபேசித் துறையில் முப்பது வருஷத்துக்கு மேல் உழைத்தவன் என்பதால் இதில் எனக்குத் தனி ருசி. நம் பேச்சைக் கம்ப்யூட்டர் வினாடிக்கு 48,000 முறை அளந்து எண்ணாக்குகிறது. அதை ஓபஸ் என்ற முறை சுருக்குகிறது. 2012இல் சர்வதேசத் தரமாக ஏற்கப்பட்டது, யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பயன்படுத்தலாம். பிறகு 20 மில்லிவினாடிப் பேச்சை ஒரு பொட்டலமாகக் கட்டி அனுப்புகிறது.

வத்தலக்குண்டிலிருந்து கால் மணிக்கு ஒரு பஸ் விடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். கொண்டை ஊசி வளைவுகளையும் மூடுபனியையும் தாண்டி, கால் மணிக்கு ஒன்றாகவா கொடைக்கானல் வந்து சேரும்? இரண்டு சேர்ந்து வரும், ஒன்று பிந்தும். பொட்டலங்களும் அப்படித்தான். ஆகவே வந்தவற்றை ஒரு நொடிப்பொழுது நிறுத்தி வைத்து, சீரான இடைவெளியில் காதுக்கு விடுகிறார்கள். ரொம்பவும் பிந்தியதற்குக் காத்திருப்பதில்லை. காத்திருந்தால் பேச்சு தடைப்படும். ஒரு துண்டு போனால் காது கண்டுகொள்ளாது. வாயிலிருந்து காதுக்கு 150 மில்லிவினாடிக்குள் போய்ச் சேர்ந்தால் உரையாடல் இயல்பாக இருக்கும் என்பது தொலைபேசிக்காரர்கள் வகுத்த கணக்கு. அதைத் தாண்டினால் "நீ சொல்லு, இல்ல நீ சொல்லு" என்று முட்டிக்கொள்வோம்.

நாங்கள் பயன்படுத்துவது மம்பிள் என்ற மென்பொருள், 2005இல் வந்தது. இதுவும் திறந்த மூல நிரல்தான். தாமதம் குறைவு. பேச்சு மறையாக்கம் செய்யப்பட்டே போகிறது. இதன் சர்வரை நாமே ஒரு பழைய கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்ளலாம். ஒருவர் பேச வினாடிக்கு 40 கிலோபிட் போதும். மழைநாளில் மலையில் நெட் இழுத்துக்கொண்டு கிடக்கும்போது வீடியோ உறைந்து நிற்கும். குரல் வந்துகொண்டே இருக்கும். நம் கோடைப் பண்பலை 100.5ஐ ஊரே கேட்கிறது, பதில் சொல்ல முடியாது. இங்கே பதிலும் சொல்லலாம்.

சேர விரும்புகிறவர்களுக்கு மூன்றே யோசனை. ஒன்று, ஸ்பீக்கர் வேண்டாம், ஹெட்போன் போடுங்கள். இல்லையென்றால் எங்கள் குரல் உங்கள் மைக்கில் நுழைந்து, வட்டக்கானல் எதிரொலிப் பாறையில் கத்தியது போல எங்களுக்கே திரும்பி வரும். இரண்டு, புளூடூத்தைவிட யூஎஸ்பி கம்பி ஹெட்செட் மேல். பல புளூடூத் கருவிகளில் மைக்கைத் திறந்தவுடன் ஒலித்தரம் பழைய டெலிபோன் மாதிரி இறங்கிவிடும். மூன்று, குரல் போகவில்லையென்றால் கம்ப்யூட்டரைத் திட்டுவதற்கு முன், ஒலி அமைப்பில் எந்த மைக் தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள். பாதி நோய் அங்கேதான்.

இனி என் விண்ணப்பம். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. அதனால் நம் கல்லூரிக் கணிப்பொறி அறையில் நல்ல நிலையில் இருக்கிற பெட்டிகள் பழைய இரும்புக்குப் போகக் காத்திருக்கின்றன. சங்கம் அவற்றைக் கேட்டு வாங்கட்டும். லினக்ஸும் ஓர்காவும் மம்பிளும் போட்டு, சிலவற்றைக் கல்லூரி நூலகத்தில் பார்வையற்ற மாணவர்களுக்கென்று வைப்போம். மற்றவற்றை, வெளியே வர முடியாமல் வீட்டோடு இருக்கிற நம் பழைய மாணவர்கள் வீடுகளுக்குக் கொண்டுபோய்ப் பொருத்திக் கொடுப்போம். மென்பொருளுக்குக் காசு இல்லை. ஹெட்செட்டுக்கும் வண்டிச் செலவுக்கும்தான் பணம் வேண்டும். பணத்தைவிட முக்கியம், ஒவ்வொரு செட்டிலும் ஒருவர் போய் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு வந்தால் ஒரு மாதத்தில் அது பூச்சாடி வைக்கிற மேஜையாகிவிடும்.

அடுத்த சந்திப்பு வரும்போது நம்மில் எத்தனை பேரால் மலையேற முடியும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அதனால்தான் இப்போதே கேட்கிறேன். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் மதியச் சாப்பாடு முடிந்ததும் வாசல் பக்கம் நோட்டோடு நிற்கும் என்னிடம் கொடுக்கலாம்.