மேளத்துக்கு மேல்பூச்சு

(தொடர்கல்வி மையத்தில் தொண்டர் பேசிய பேச்சு)



மேளக் கட்டை செய்யும் கை உங்கள் கை. உளி பிடிக்க நான் உங்களுக்குச் சொல்லித் தர முடியாது. ஆனால் கட்டைக்கு மேலே பூசுகிற பொருள் டப்பாவில் வருகிறது. டப்பாவின் மேல் எழுத்து இருக்கிறது. அந்த எழுத்து நம் உடம்பையும் கூலியையும் காப்பாற்றும். பட்டறைகளில் கேட்டதையும் படித்ததையும் சேர்த்து இன்று சொல்கிறேன்.

நம் நாட்டில் மேளம் கேட்காத ஊர் இல்லை. தவிலும் மிருதங்கமும் பலாக் கட்டையில் செய்கிறோம். கேரளத்துச் செண்டையும் பலாதான். உத்தரப் பிரதேசத்தில் அம்ரோகா என்ற ஊர் டோலக்குக்குப் பேர் போனது. அங்கே மா, பலா, தேக்கு மரங்களில் டோலக் செய்கிறார்கள். 2023-ல் அந்த டோலக்குக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மரம் எதுவானாலும் கேள்வி ஒன்றுதான். மேலே என்ன பூசுவது?

ஏன் பூசுகிறோம்?

பளபளப்புக்காக மட்டும் இல்லை. மழைக்காலத்தில் மரம் ஈரத்தை இழுக்கும், உப்பும். வெயிலில் ஈரத்தை விடும், சுருங்கும். ஒரு பக்கம் வேகமாகச் சுருங்கினால் வெடிப்பு விழும். பல நாள் உழைப்பு வீணாகும். பூச்சு அந்த ஈரப் போக்குவரத்தை மெதுவாக்கும். வேர்வையும் அழுக்கும் மரத்தில் ஊறாமல் காக்கும்.

ஆனால் ஈரக் கட்டையை எந்தப் பூச்சும் காப்பாற்றாது. முதலில் நிழலில் நன்றாக உலர வேண்டும். அவசரப்பட்டுப் பூசினால் பூச்சு உரியும், கட்டை வெடிக்கும்.

இன்னொன்று. பளபளப்பு நாதத்தைக் கூட்டாது. நாதம் கட்டையிலும் தோலிலும் இருக்கிறது. பூச்சு மெல்லியதாக இருந்தால் போதும்.

எதைப் பூசலாம்?

முக்கியமாக மூன்று வகை உண்டு.

ஒன்று, எண்ணெய். ஆளிவிதை எண்ணெய் மரத்துக்குள் ஊறி, காற்றுப் பட்டு இறுகும். மர ரேகை அழகாகத் தெரியும். துணியால் தேய்த்து, கால் மணி நேரம் விட்டு, மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். ஒவ்வொரு பூச்சும் காய நாள் பிடிக்கும். தேங்காய் எண்ணெய் இதற்கு உதவாது. அது காயவே காயாது. பிசுபிசுவென்று தூசி ஒட்டும்.

இரண்டு, அரக்கு. புரசு, இலந்தை போன்ற மரங்களில் வாழும் சின்னப் பூச்சி தருவது அரக்கு. ஜார்க்கண்டில் நிறைய விளைகிறது. அதைச் சுத்தம் செய்து, செதிலாக்கி விற்கிறார்கள். செதிலை ஸ்பிரிட்டில் கரைத்தால் பாலிஷ். சீக்கிரம் காயும். கீறல் விழுந்தால் அதன் மேலேயே மறுபடி பூசலாம். ஆனால் தண்ணீர் நின்றால் வெள்ளைத் தடம் விழும். சூடும் ஆகாது.

மூன்று, வார்னிஷ். ஈரத்தை நன்றாகத் தாங்கும். திறந்த வெளியில், ஊர்வலத்தில் அடிக்கும் மேளத்துக்கு ஏற்றது. ஆனால் காய நேரமாகும். கீறல் விழுந்தால் சரிசெய்வது கடினம்.

ஆகவே முதலில் வாங்குபவரைக் கேளுங்கள். மேளம் எங்கே அடிபடும்? மேடையிலா, வீதியிலா? அதற்குத் தகுந்தாற்போல் பூச்சைத் தேர்ந்தெடுங்கள்.

அரக்கு பூசும் முறை

தோல் கட்டும் முன்பே பூச வேண்டும்.

1. உப்புத்தாளால் தேயுங்கள். தாளின் முதுகில் எண் இருக்கும். 80 என்றால் முரடு. 120, 180, 220 என்று எண் ஏற ஏறத் தாள் நைசாகும். அந்த வரிசையிலேயே தேயுங்கள். மர ரேகை ஓடும் திசையில் தேயுங்கள். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள்.

2. தூசியைத் துடையுங்கள்.

3. ஒரு லிட்டர் ஸ்பிரிட்டில் சுமார் 150 கிராம் அரக்குச் செதில் போட்டு, மூடி, ஒரு இரவு வையுங்கள். காலையில் மெல்லிய துணியில் வடிகட்டுங்கள்.

4. பஞ்சைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி, பாலிஷில் நனைத்து, பிழிந்து, மெல்லியதாக இழுத்துப் பூசுங்கள்.

5. அரை மணி நேரம் காயவிட்டு மறுபடி பூசுங்கள். நான்கைந்து முறை போதும்.

தோல் உட்காரும் வாய் விளிம்பில் தடிப்பாகப் பூசாதீர்கள். தோல் ஒட்டிக்கொள்ளும். மழை பெய்யும் நாளில் அரக்கு பூச வேண்டாம். வெள்ளை பூத்துவிடும். கரைத்து வைத்த பாலிஷ் பல மாதம் ஆனால் சரியாகக் காயாது. கரைத்த தேதியைப் பாட்டிலில் எழுதி ஒட்டுங்கள்.

உயிர் முக்கியம்

இப்போது சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள்.

பாலிஷுக்கு விற்கும் ஸ்பிரிட்டில் விஷம் கலந்திருக்கும். குடித்தால் கண் போகும், உயிரும் போகும். அதைத் தண்ணீர் பாட்டிலிலோ சோடா பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள். பிள்ளைகள் குடித்துவிடுவார்கள். வேறு பாட்டிலில் ஊற்றினால் பெரிய எழுத்தில் 'விஷம்' என்று எழுதுங்கள். இன்று அதை எழுத நமக்குத் தெரியும்.

ஸ்பிரிட்டின் ஆவி தீப்பற்றும். அடுப்பு, விளக்கு, பீடி எதுவும் பக்கத்தில் கூடாது. கதவு ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

ஆளிவிதை எண்ணெய்த் துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். தீக்குச்சி இல்லாமலே அது தானாகச் சூடேறிப் பற்றிக்கொள்ளும். வெளியே விரித்துக் காயவிடுங்கள். அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

கலர் பெயின்ட் அடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பெயின்ட்டில் ஈயம் இருந்தால் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும். வீட்டுப் பெயின்ட், அலங்காரப் பெயின்ட்டில் பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்று மத்திய அரசு 2016-ல் விதி செய்தது. 2017 நவம்பர் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. டப்பாவில் அந்த வரி இருக்கிறதா என்று படித்து வாங்குங்கள். பெயரே இல்லாத பழைய டப்பா விலை குறைவு என்றாலும் வேண்டாம். குழந்தைகள் விளையாடும் சின்ன மேளத்துக்குக் கர்நாடகத்துச் சன்னபட்டணத்தாரைப் பாருங்கள். கடைசலில் சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்துகிறார்கள். உரசும் சூட்டில் அரக்கு உருகிப் பிடிக்கிறது. பிறகு தாழை ஓலையால் மெருகேற்றுகிறார்கள்.

ஒரு சீட்டு எழுதுங்கள்

மேளத்தை விற்கும்போது சின்னச் சீட்டு ஒன்று எழுதிக் கொடுங்கள். என்ன மரம், என்ன பூச்சு, எந்த மாதம் பூசியது, செய்தவர் பெயர். பத்து வருடம் கழித்துப் பழுது பார்ப்பவர் திண்டாட மாட்டார். அந்தச் சீட்டைப் பார்த்து ஆள் உங்களையே தேடி வரும். கட்டையில் உங்கள் உழைப்பு இருக்கிறது. உங்கள் பெயரும் அதோடு போகட்டும்.



சேர்ந்து பேசுங்கள்

உங்கள் பட்டறையில் உள்ள டப்பாக்களில் என்ன எழுதியிருக்கிறது? படித்துக் காட்டுங்கள்.

ஸ்பிரிட்டை நீங்கள் எங்கே, எதில் வைத்திருக்கிறீர்கள்?

நீங்கள் கடைசியாகச் செய்த மேளத்துக்கு ஒரு சீட்டு எழுதுங்கள்.