மூன்று நட் போதுமா?

(நமது அறக்கட்டளையின் மாதாந்திரக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

 

கணக்கு வாசிப்பதற்கு முன் ஒரு தவறை உங்கள் முன்னால் ஒப்புக்கொள்ள வேண்டும். அது என்னுடைய தவறு.

நமது வேன் வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் நோயாளிகளை அழைத்துச் சென்று வருகிறது. சென்ற மாதம் ஓட்டுநர் தம்பி என்னிடம் வந்து, "பாய், முன் இடது சக்கரத்தில் ஒரு ஸ்டட் முறிந்துவிட்டது" என்றார். சக்கரத்தை மாட்டி நட் போட்டு இறுக்குகிறோமே, அந்த நட் ஏறும் இரும்புத் தண்டுதான் ஸ்டட். நம் வண்டியில் சக்கரத்துக்கு நான்கு. "மூன்று இருக்கிறதே, அடுத்த மாதம் சர்வீஸுக்கு விடும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லிவிட்டேன். அறக்கட்டளைப் பணத்தைச் சிக்கனம் செய்வதாக நினைப்பு. உண்மையில் ஒரு ஸ்டட்டின் விலை ஒரு பிரியாணிப் பொட்டலத்தை விடக் குறைவு.

ஒன்பதாம் நாள், இரண்டு நோயாளிகளுடன் திரும்பி வரும்போது 'தட தட' என்று சத்தம். ஸ்டீயரிங் ஆடியது. ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து ஓரமாக நிறுத்தினார். இறங்கிப் பார்த்தால் இன்னொரு ஸ்டட்டும் முறிந்திருந்தது. மூன்றாவது நட் பாதி கழன்றிருந்தது. அல்ஹம்துலில்லாஹ், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் டயாலிசிஸ் முடிந்து களைத்திருந்த ஒரு தாயார் வேறு வண்டி வரும்வரை ஒரு மணி நேரம் சாலையோரத்தில் உட்கார்ந்திருந்தார். நான் போய் நின்றபோது என்னைக் கோபிக்கவில்லை. "அடுத்த தடவைக்கு வண்டி வருமா தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

மெக்கானிக் முறிந்த துண்டைக் கையில் கொடுத்தார். முறிந்த முகத்தில் ஒரு பாதி துருவேறிக் கறுத்திருந்தது. மறு பாதி பளபளவென்று இருந்தது. "கறுத்த பாதி முன்பே விரிசல் விட்டது, பளபளப்பு நேற்று முறிந்தது" என்றார்.

ஏன் இப்படி ஆகிறது? நட்டை இறுக்கும்போது ஸ்டட் கொஞ்சம் இழுபட்டு, சக்கரத்தை ஹப்போடு அழுத்திப் பிடிக்கிறது. பாரத்தைத் தாங்குவது அந்தப் பிடிதான். பிடி தளர்ந்தால் சக்கரம் அசைகிறது, ஒவ்வொரு சுற்றிலும் ஸ்டட் வளைந்து நிமிர்கிறது. சிறிய வண்டியின் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு 500 தடவைக்கு மேல் சுற்றும். எந்த இரும்பு தாங்கும்? ஒன்று முறிந்தால் அதன் பங்கும் மற்றவற்றின் மேல் ஏறுகிறது. 'மூன்று இருக்கிறதே' என்ற என் கணக்கு தப்பாகப் போனது இதனால்தான்.

அளவுக்கு மீறி இறுக்கினாலும் முறியும். பஞ்சர் கடையில் காற்றுக் கன்னை விடாமல் அழுத்துவது, ஸ்பேனரில் குழாயைச் செருகி ஏறி நிற்பது, மரையில் எண்ணெய் தடவி இறுக்குவது எல்லாம் ஸ்டட்டை அளவுக்கு மேல் இழுத்துவிடும். நட் மாறினாலும் ஆபத்து. மாருதி கார்களில் பெரும்பாலும் 12 மில்லிமீட்டர் தடிமன், 1.25 மரை. ஹூண்டாய், டொயோட்டா கார்களில் பெரும்பாலும் அதே தடிமன், 1.5 மரை. பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும். கையால் சுற்றி ஏறாத நட்டை ஸ்பேனரால் ஏற்றாதீர்கள்.

மாற்றும் முறையையும் அருகில் நின்று பார்த்தேன். சமதளத்தில் நிறுத்தி, மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, நட்டுகளைத் தளர்த்திய பிறகே ஜாக்கி ஏற்றினார். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் வைத்தார். சக்கரம், காலிப்பர், டிஸ்க் மூன்றையும் கழற்றி, பின்னால் இடைவெளி கிடைக்கும் இடத்துக்கு ஹப்பைத் திருப்பினார். முறிந்த ஸ்டட்டைச் சுத்தியலால் ஓங்கி அடிக்காமல், அழுத்தும் கருவியால் பின்புறமாகத் தள்ளி எடுத்தார். ஓங்கி அடித்தால் பேரிங் கெடும். புது ஸ்டட்டைப் பின்புறமிருந்து செருகி, பல்வரிகளைப் பொருத்தி, முன்னால் வாஷர்கள் போட்டு, பழைய நட் ஒன்றைத் திருப்பி மாட்டி, தலை பின்னால் நன்றாகப் படியும்வரை இழுத்தார். அந்தச் சக்கரத்தின் நான்கையும் மாற்றச் சொன்னார், மாற்றினோம். மீதி இரண்டும் பாரம் சுமந்து களைத்தவை. சிலர் முறிந்த இடத்தில் வெல்டிங் வைப்பார்கள். ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். சூடு பட்டால் ஸ்டட்டின் உறுதி போய்விடும்.

சக்கரத்தை மாட்டும்போது எதிரெதிர் நட்டாக மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். வண்டியை இறக்கிய பிறகு டார்க் ரெஞ்சால் அளவு பார்க்க வேண்டும். சிறிய கார்களுக்குப் பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன் மீட்டர். உங்கள் வண்டியின் அளவு கையேட்டில் இருக்கும். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்கம் பார்க்க வேண்டும். பஞ்சர் ஒட்டிய பிறகும் இதே முறைதான். வெளியூர்ப் பயணத்துக்குக் குடும்பத்தை ஏற்றும் முன் நான்கு சக்கரத்தையும் ஒருமுறை குனிந்து பாருங்கள். நட்டைச் சுற்றித் துருக்கோடு வழிந்திருந்தால் அது தளர்ந்திருக்கலாம்.

சகோதரர்களே, அந்த வண்டியில் ஏறுகிறவர்கள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். ஓட்டுநர் சரியான நேரத்தில் சொன்னார். கேட்காமல் விட்டவன் நான். ஆகவே நிர்வாகக் குழு ஒரு முடிவு எடுத்திருக்கிறது. இனி வண்டியில் குறை கண்டால் நிறுத்தும் அதிகாரம் ஓட்டுநருக்கே உண்டு. செயலாளரைக் கேட்க வேண்டியதில்லை. வாடகை வண்டிக்கு ஆகும் செலவை அறக்கட்டளை ஏற்கும்.

அந்தத் தாயாருக்கு அடுத்த தடவையும் வண்டி போனது. போகும் முன் நட்டுகளை நானே குனிந்து பார்த்தேன்.